அசையும் தாங்கி

“அந்த ஒயர்ல துணி போடாதீங்க அண்ணி” என்று சொல்ல வாயைத் திறந்த சிஸ்டரம்மா அப்படியே மூடிக்கொண்டாள்.

மூத்த நாத்தனார் தன் ஈரத் துண்டைப் பால்கனி ஒயரில் விரித்துவிட்டு, காற்றில் பறக்காமல் இருக்க கிளிப் தேடிக்கொண்டிருந்தாள். பார்ப்பதற்குத் துணி காயப்போடுகிற ஒயர் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதில் ஒரு கைக்குட்டை போட்டால்கூட உள்ளேயிருந்து கத்தல் வரும். கத்துகிற மனுஷன் இப்போது ஹாலில், சோபாவை நகர்த்தி ஒழித்த இடத்தில், வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். சிஸ்டரம்மா கிளிப் டப்பாவை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்தாள். காயட்டும். இனிமேல் என்ன, நன்றாகக் காயட்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். அந்தக் குடியிருப்பில் அவளுக்கு வேறு பேரே கிடையாது, சிஸ்டரம்மாதான். யாருக்கு நெஞ்சு வலித்தாலும், எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலும் முதலில் தட்டுவது அவள் கதவைத்தான். அந்தக் கதவுக்கு உள்ளேதான் நேற்றுச் சாயங்காலம் அவள் புருஷன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார். அவள் வந்து தொட்டுப் பார்த்தபோது அவர் விரல் நுனியெல்லாம் சில்லிட்டிருந்தது.

காலையிலிருந்து நாத்தனாரின் பேச்சு இதையே சுற்றிச் சுற்றி வந்தது. நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்லிவிடலாம். அவள் துக்கம் கேட்க வருகிறவர்களிடம் சொல்வது மாதிரி இவள் காதில் விழச் சொன்னாள். ஊரில் இருக்கிற உசிரையெல்லாம் பிடித்து நிறுத்தினவள் வீட்டில், என் தம்பிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் போய்விட்டதே என்றாள். வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு சிஸ்டரம்மாவை ஒரு பார்வை பார்த்தார்கள். மகள்கூட விடியற்காலையில் வந்து இறங்கி, அழுது முடித்துவிட்டு, முதலில் கேட்டது அதைத்தான்.

“நீ எங்கம்மா இருந்த?”

“பால்கனில.”

துணி எடுத்துக்கொண்டிருந்தாயா என்றாள் மகள். சிஸ்டரம்மா மகளின் பையை வாங்கி உள்ளே வைத்தாள். துணி எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று மகள் மனதுக்குள் போட்ட கணக்கு முகத்தில் அப்படியே தெரிந்தது.

சிஸ்டரம்மாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நாத்தனார் மேல் வந்தது, மகள் மேல் வந்தது, ஹாலில் படுத்திருக்கிற ஆள் மேல்தான் அடிவயிற்றிலிருந்து வந்தது. எழுந்து உட்காருங்கள். நான் எங்கே இருந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உங்கள் வாயால் இவர்களிடம் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அப்புறம் படுத்துக்கொள்ளுங்கள். அவள் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து இதையே திரும்பத் திரும்ப மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் அவள் ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

மனுஷனுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ரேடியோ ஒன்றுதான். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. லைசென்ஸ் வாங்கி, மைக்கைப் பிடித்து, எங்கெங்கோ இருக்கிறவர்களோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோ. அதற்கு ஆன்டெனா வேண்டும், ஆன்டெனாவுக்கு உயரம் வேண்டும். மொட்டை மாடியில் ஒரு கம்பம் நட அனுமதி கேட்டுக் கேட்டுக் குடியிருப்போர் சங்கத்தோடு மல்லுக்கட்டினார். கட்டிடத்துக்கு வெளியே எதுவும் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது என்று சங்கச் செயலாளர் ஒரே பிடியாக நின்றார். அதற்குப் பிறகுதான் வீடு பட்டபாடு ஆரம்பித்தது. ஜன்னல் கிராதியில் ஒயரைச் சுற்றிப் பார்த்தார். ஹால் கூரையைச் சுற்றி ஒட்டினார். ஒருநாள் இரும்புக் கட்டிலையே ஆன்டெனா ஆக்கிவிட்டு, நீ கொஞ்ச நேரம் தரையில் படுத்துக்கொள் என்றார். எதுவும் சரிப்படவில்லை. பேசினால் பக்கத்து ஊரைத் தாண்டாது.

கடைசியில் ஒட்டடைக்கம்பு வந்து சேர்ந்தது. மூங்கில் கம்பு, ஆளைவிட இரண்டு மடங்கு நீளம். ஆன்டெனா ஒயர் கூரை ஓரமாக ஓடி, வெண்டிலேட்டர் வழியாக வெளியே வந்து, பால்கனியில் துணி ஒயர் மாதிரி வேஷம் போட்டது, அதன் முனை அந்தக் கம்பின் நுனியில் கட்டப்பட்டது. கம்பைப் பால்கனிக்கு வெளியே வானத்தைப் பார்க்க நீட்டினால் சிக்னல் பிரமாதமாகப் போனது. கிராதியில் சாய்த்து வைத்தால் இரும்புக்குப் பக்கத்தில் வந்து செத்துவிடும். பூந்தொட்டியில் நட்டுப் பார்த்தார், செயலாளர் வாட்ச்மேனை அனுப்பிப் பிடுங்கச் சொன்னார். அப்போதுதான் அவருக்கு அந்த மகா யோசனை வந்தது. கையில் பிடித்துக்கொண்டால் அது கட்டிடத்தோடு சேர்ந்தது இல்லையே, சட்டப்படி என்ன செய்துவிட முடியும் என்றார். ரொம்பச் சரி. ஆனால் மைக்கும் செட்டும் அவர் கையில் இருந்தன. மிச்சம் இருந்த கை யாருடையது?

இன்றைக்கு மட்டும் என்றுதான் கேட்டார். அந்த ‘மட்டும்’ வருஷக்கணக்கில் நீண்டது. பகல் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்து, சாயங்காலம் அவருடைய கூட்டாளிகள் எல்லாம் ரேடியோவில் கூடுகிற நேரத்தில், அவள் பால்கனியில் தெருவைப் பார்த்து நின்று கம்பைத் தூக்கிப் பிடிப்பாள். பின்னாலிருந்து உத்தரவு வரும். இன்னும் மேலே. இடது பக்கம். ஆட்டாதே. ஒருநாள் ஒயர் விரலில் பட்டு, அவர் பேசி ஒயரில் மின்சாரம் ஏறுகிற நேரமாகப் பார்த்து, சுரீரென்று சுட்டுக் கொப்பளித்துவிட்டது. அதனால்தான் சிக்னல் குறைந்ததா என்றார் அவர். மறுநாள் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை ஒன்றை வாங்கிக் கொடுத்தார், ஏதோ வளையல் வாங்கிக் கொடுத்த பெருமையோடு.

மைக்கில் அவர் பேசுவது தெரு இரைச்சலில் அவளுக்குக் கேட்காது, அவளைப் பார்த்துக் கத்தினால்தான் கேட்கும். அவள் சரியாகப் பிடித்தால் பின்னாலிருந்து சத்தமே வராது. நல்லா இருக்கு என்றோ, கை வலிக்குதா என்றோ ஒரு வார்த்தை வராது. சத்தம் இல்லை என்றால் எல்லாம் சரி என்று அவள் புரிந்துகொள்ள வேண்டும்.

மற்றவர்களிடம் அவருக்குப் பேச்சுக்குக் குறைவில்லை. ரேடியோ சங்கக் கூட்டத்தில் அவரை மேடையேற்றி, வீட்டில் அரைகுறை ஆன்டெனாவை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு தூரம் பேசுகிறீர்கள் என்று விளக்கச் சொன்னார்கள். சிஸ்டரம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பலகையில் வீட்டை வரைந்தார், கூரையை வரைந்தார், ஒயரை வரைந்தார், கம்பை வரைந்தார். கம்பின் அடியில் ஒரு சின்ன முக்கோணம் போட்டு, “இது ஒரு அசையும் தாங்கி” என்றார். எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டார். கடையில் கிடைக்காது என்று சொல்லிவிட்டு அவர் கடைசி வரிசையைப் பார்த்துக் கண்ணடித்தார். அவருக்கு அது கொஞ்சல். எல்லோரும் முக்கோணத்தைத் தங்கள் தாளில் வரைந்துகொண்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சமைக்கவில்லை. ஏன் என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

எடுத்துக்கொண்டு போவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கூட்டாளிகளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், இன்னொருவர் பேராசிரியர். இரண்டு பேரும் உடம்புக்கு முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு கடைக்காரர் சிஸ்டரம்மா பக்கத்தில் வந்து குனிந்து பேசினார்.

“நேத்து அவர் பேசிட்டே இருந்தாரு சிஸ்டர். பாதில நின்னுடுச்சு. நாங்க ஆன்டெனா புட்டுக்கிச்சுன்னு நெனச்சுட்டோம். ஒட்டுப்போட்ட ஒயர்தானேன்னு கிண்டல்கூட பண்ணினோம்.”

பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவள் சொல்லவில்லை. ஏனென்றால் நேற்று அவளும் அப்படித்தான் ஏமாந்தாள்.

நேற்று ஆரம்பத்திலிருந்தே அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. மேலே என்றார், கீழே என்றார், உனக்குக் கவனமே இல்லை என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பின் அடியை இடுப்பில் கொடுத்து, நுனியை வீட்டுக்கு எதிரே இருந்த மரத்துக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். பின்னால் சத்தம் நின்றது. அப்பாடா, இன்றைக்குச் சரியாக அமைந்துவிட்டது என்று அவளுக்கு ஒரு சந்தோஷம். சந்தோஷம்! தோள்பட்டை இறங்கப் பார்த்தபோதெல்லாம் ஏற்றிப் பிடித்தாள். கீழே வாட்ச்மேன் விசில் ஊதியும் உள்ளே இழுக்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்து, தெருவிளக்கு எரிந்து, போதும் என்ற வார்த்தை வராமல் போகவே, இந்த மனுஷனுக்கு இன்றைக்கு என்ன இவ்வளவு பேச்சு என்று எரிச்சலோடு திரும்பிப் பார்த்தாள். அவர் மைக்கை மடியில் போட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தார். செட்டிலிருந்து இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சத்தம் நின்றபோதே திரும்பியிருந்தால். நெஞ்சில் கை வைத்து அழுத்த அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேரை அழுத்தி எழுப்பிய கை. அந்தக் கைதான் ஒட்டடைக்கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாம் முடிந்து திரும்பி வந்து, குளித்து, ஹாலைக் கழுவிவிட்டு, சோபாவைப் பழைய இடத்துக்குத் தள்ளினார்கள். நாத்தனார் அறைக் கதவோரமாகத் தலையணை போட்டுச் சாய்ந்துகொண்டாள். வெயில் இறங்கியபோது கண்ணாடிக் கடைக்காரரும் பேராசிரியரும் மறுபடி வந்து வாசலில் தயங்கி நின்றார்கள்.

கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். தங்களில் ஒருவர் போய்விட்டால் ஒரு வழக்கம் உண்டாம். எல்லோரும் ரேடியோவில் கூடுகிற நேரத்தில், போனவருடைய செட்டிலிருந்தே, ரேடியோவில் பேருக்குப் பதிலாக அவர் வைத்திருந்த அடையாளக் குறியைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுவார்களாம். பதில் வராது. வராத பதிலுக்காக எல்லோரும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அந்த செட்டை அணைத்துவிடுவார்களாம். எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் காத்திருக்கிறார்கள், சிஸ்டர் அனுமதி கொடுக்க வேண்டும் என்றார். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். செய்யுங்கள் மாமா, அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றாள். சிஸ்டரம்மாவும் தலையை ஆட்டினாள். நாத்தனார் போட்ட துண்டைப் பேராசிரியர் மரியாதையாக மடித்து நாற்காலியில் வைத்தார்.

கடைக்காரர் செட்டைப் போட்டு, மைக்கைப் பிடித்து, குரலைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார். இரைச்சலுக்கு நடுவே யாரோ, யாருங்க அது, ஒண்ணுமே புரியலையே என்றார்கள். மறுபடி கூப்பிட்டார். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்று பதில் வந்தது. இதே செட்டிலிருந்து நேற்றுவரை மணி அடித்த மாதிரி வந்த குரல் எப்படிக் கெட்டுப்போனது என்று கடைக்காரருக்குப் புரியவில்லை. ஒயர் இணைப்பையெல்லாம் திருகிப் பார்த்தார். பேராசிரியர் பால்கனிக்குப் போய் அண்ணாந்து பார்த்தார், மூலையில் கிடந்த கம்பைப் பார்த்தார், பிறகு உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“அம்மா, கம்புக்கு ஒரு ஸ்டாண்ட் வச்சிருந்தாரே, அசையும் தாங்கின்னு சொல்லுவாரு. அதை எங்க எடுத்து வச்சிருக்கீங்க?”

சிஸ்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அது நான்தான்.”

பேராசிரியருக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் கம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைக்காரரைப் பார்த்தார். மகள் அழுகையை நிறுத்திவிட்டாள். கதவோரம் சாய்ந்திருந்த நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று சிஸ்டரம்மா காத்திருந்தாள். தினமுமா என்று கேட்கலாம். நேற்றும் நீங்களா பிடித்திருந்தீர்கள் என்று கேட்கலாம். அதைக் கேட்டால் போதும், மிச்சத்தை அவளே சொல்லிவிடுவாள்.

பேராசிரியர் நல்ல மனிதர். ரொம்பப் பணிவாக, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அப்ப... இன்னிக்கு மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களாம்மா? அவருக்காக.”

சிஸ்டரம்மா எழுந்தாள். நேராகப் பால்கனிக்குப் போய் மூலையில் கிடந்த கம்பைத் தூக்கினாள். நுனியில் ஒயர் கட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். கம்பைக் கொண்டுபோய்ப் பேராசிரியரின் இரண்டு கைகளிலும் திணித்தாள்.

“நீங்க பிடிங்க.”

கிராதியில் சாய்க்கக் கூடாது, அடியை இடுப்பில் கொடுக்க வேண்டும், நுனி மரத்துக்கு மேலே போக வேண்டும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்கிற குரல் அது. பிறகு ரப்பர் கையுறையை எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

எழுந்திருங்க என்றாள் கடைக்காரரிடம். அவர் எழுந்துவிட்டார். லைசென்ஸ் இருக்கிறவர் பக்கத்தில் இருந்தால் வீட்டு ஆட்கள் பேசலாம் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் புருஷன் ஒருநாளும் அவளைப் பேசச் சொன்னதில்லை என்பதும் தெரியும். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முதுகுப் பக்கம் அவர் சாய்ந்து சாய்ந்து பள்ளமாகியிருந்தது. மைக் அவள் நினைத்ததைவிட லேசாக இருந்தது. இதைத் தூக்கிக்கொண்டுதான் அவ்வளவு அதிகாரமா!

உன் அம்மா என்ன செய்யப் போகிறாள் என்று கேட்பது போல நாத்தனார் மகளைப் பார்த்தாள். அம்மா, வேணாம்மா, அப்புறம் பேசிக்கலாம் என்றாள் மகள். சிஸ்டரம்மா பட்டனை அழுத்தினாள்.

“நான் அவர் வீட்டுக்காரி பேசுறேன். அவர் போயிட்டாரு, உங்களுக்கே தெரியும். அவர் போனப்ப நான் எங்க இருந்தேன்னுதான் யாருக்கும் தெரியலை. நான் பால்கனில இருந்தேன். கம்பைப் பிடிச்சிட்டு நின்னேன். தினமும் நான்தான் பிடிப்பேன். அவர் ரொம்ப நல்லாப் பேசுறாருன்னு நெனச்சு, செத்த மனுஷனுக்காகத் திரும்பிப் பாக்காம பிடிச்சிட்டு நின்னேன்.”

பட்டனை விட்டாள். நாத்தனார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். மகள் எழுந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள், தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

செட்டில் இரைச்சல் ஏறி இறங்கியது. யாரோ வயதான குரல், எங்கோ ரொம்பத் தூரத்திலிருந்து.

“யாரோ ஒரு அம்மா பேசுறது கேட்டுச்சு. அவர் வீட்டுக்காரின்னு சொன்னது வரைக்கும் வந்துச்சு. அப்புறம் சிக்னல் சுத்தமா விழுந்துடுச்சு. சொன்னது ஒண்ணும் கெடைக்கலைங்க. மறுபடி சொல்லுங்க.”

சிஸ்டரம்மா திரும்பிப் பார்த்தாள். பால்கனியில் பேராசிரியரின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. கம்பு இறங்கி இறங்கிக் கிராதியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“இன்னும் மேல சார்” என்றாள். “ஆட்டாதீங்க.”

அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி வைத்து, கம்பை ஏற்றினார். அதன் நுனி மரத்தின் இலைகளைத் தாண்டி வெளிச்சத்துக்கு வரும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செட்டின் பக்கம் திரும்பிப் பட்டனை அழுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.